எல்லோரையும் ஒரே குரலில் வாசித்த லூசி அக்கா

செய்தி வந்தபோது நான் சைகோனை அடுத்த பின் யுவோங் தொழிற்சாலையில், ஹெட்போன்களைச் சோதிக்கும் அறைக்குள் இருந்தேன். அந்த அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்து பார்த்தால் லூசி அக்காவின் மகன் குவாங் நான்கு முறை அழைத்திருந்தான். அதற்குக் கீழே வியட்நாமிய மொழியில் ஒரு வரி: "அம்மா காலை பத்து மணிக்குப் போய்விட்டார், அண்ணா." மூன்று நாள் முன்பு சைகோனின் பென் தான் சந்தையில் தன் கடைப் பலகைமேலேயே சாய்ந்தவர். ரத்த அழுத்தம். மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். நானே இரண்டு முறை திட்டியிருக்கிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான்.

மாரியம்மன் கோயில் பக்கம் கூடும் நம் நண்பர்கள் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். இரங்கல் கூட்டத்தில் பலர் அவருக்குத் தெய்வக் குரல் என்றார்கள். நான் ஒலித் தொழில்நுட்பம் படித்தவன், அந்தக் குரலை அளந்தும் பார்த்திருக்கிறேன். சாதாரணக் குரல், கொஞ்சம் கரகரப்பு. 'ச' வரும் இடமெல்லாம் லேசாக விசில் அடிக்கும். அவர் பெருமை குரலில் இல்லை. எதில் இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வியட்நாமில் வெளிநாட்டுப் படத்துக்கு ஆளுக்கொரு குரல் கொடுத்து டப்பிங் செய்வது குறைவு. நாயகன், நாயகி, வில்லன், குழந்தை, நீதிபதி என்று எல்லாருடைய வசனத்தையும் ஒரே ஆள் வியட்நாமிய மொழியில் வாசிப்பார். அசல் குரல்கள் அடியில் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் நடிக்கக் கூடாது. திரையில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாலும், இங்கே ரயில் நிலைய அறிவிப்பு மாதிரித்தான் வார்த்தை வரும். லூசி அக்கா இருபது வயதிலிருந்து அந்த வேலை செய்தவர். முதலில் வீடியோ கேசட்டுகளுக்கு, பிறகு தொலைக்காட்சித் தொடர்களுக்கு. அது குறைந்துபோன பிறகு சந்தையில் பொத்தான், ஜரிகை விற்றார். அப்பா காரைக்கால் கத்தோலிக்கர், பிரெஞ்சுக்காரர் காலத்து எழுத்தர். அம்மா வியட்நாமியர். எழுபத்தைந்தில் சைகோன் வீழ்ந்த பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாரிசுக்குக் கிளம்பியபோது, "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியே வாழ்நாளைக் கழித்தவர் அந்த அப்பா. அவர் பேசிய தமிழைத்தான் அக்காவும் பேசினார், மெர்சி, முசியே என்று பிரெஞ்சு கலந்து.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு படம். என் கல்லூரி நண்பனின் தம்பி காரைக்காலில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து எடுத்தது. 'எட்டாம் பீரியட்' என்று பெயர். பொங்கல் கூடலில் அதைப் போடலாம் என்று முடிவானது. ஆனால் நம் வீடுகளில் பாதிப் பேரின் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் தெரியாது. கீழே எழுத்து ஓடவிடலாம் என்றேன். மசாலா வியாபாரம் செய்யும் தேவகோட்டை சிதம்பரம் அண்ணன் ஒரேயடியாக மறுத்தார். "எழுத்துப் போட்டா எங்க மாமியார் தூங்கிரும்ப்பா. அதுக்கு ஒரு ஆள் வாசிக்கணும். சந்தையில பொத்தான் விக்குதே ஒரு அம்மா, அதைப் போய்ப் புடி."

போய்ப் பிடித்தேன். நான் அரைமணி நேரம் பேசினேன். அக்கா எதிரில் நின்ற பெண்ணுக்கு ஜரிகை அளந்துகொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "படத்துல கெட்டவங்க யாரு?"

"ஒரு பொண்ணு, ஒரு பையன். ரெண்டும் துரோகி அக்கா."

"என்னா வயசு?"

"பதினாறு."

"அப்பக் கெட்டவங்க யாரும் இல்லன்னு சொல்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஜரிகையை வெட்டினார்.

கதை இவ்வளவுதான். பதினோராம் வகுப்பு நிவேதா, அப்பாவுக்குத் தெரியாமல் சென்னையில் இருக்கும் அண்ணனிடம் போய்க் கால்பந்துப் பயிற்சியில் சேரத் திட்டமிடுகிறாள். உயிர்த்தோழி கோமதியிடம் மட்டும் சொல்கிறாள். தன்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற வேதனையில் கோமதி அதை வகுப்பாசிரியையிடம் சொல்லிவிடுகிறாள். விசாரணை வரும்போது திலீபன் என்ற பையன், கெத்துக்காக, நிவேதா தன்னோடு சுற்றியவள் என்று பொய்யாக ஒன்றைச் சேர்த்துவிடுகிறான். நிவேதாவின் படிப்பு நிற்கிறது. படம் யாரையும் தண்டிக்காமல் முடிகிறது. எனக்கு அது எரிச்சல். குற்றம் செய்தவர்களைச் சும்மா விட்டுவிட்டு என்ன படம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து பின் யுவோங்கில் என் அறைக்கு வருவார். எப்போதும் தாமதம். எப்போதும் ஒரு பொய்க் காரணம். சுவரில் கம்பளி தொங்கவிட்டு நான் செய்துவைத்த ஒலிப்பதிவு மூலையில் உட்கார்ந்து மிளகாய் உப்புத் தொட்டு மாங்காய் தின்பார். மைக்கில் அந்தக் கடக் முடக் எல்லாம் விழும். சொன்னால், "அந்தக் காலத்துல கேசட்டுல சேவல் கூவுறதும் சேந்துதான் வரும். ஜனங்க பாத்தாங்களே?" என்பார். ஒரு படத்தில் தாள் புரட்டுவதில் பின்தங்கிவிட்டாராம். வில்லன் செத்த பிறகும் அவனுக்கு நாலு வரி மிச்சம் இருந்தது. விடாமல் வாசித்துவிட்டார். ஆவி பேசுகிறது என்று கேசட் கடைக்காரன் தனியாக விளம்பரம் செய்தானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நடிக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். கோமதிக்குக் கொஞ்சம் விஷம் ஏற்றுங்கள், திலீபனுக்குக் கொஞ்சம் திமிர் ஏற்றுங்கள் என்றேன். மென்பொருளில் திலீபனுடைய வரிகளைக் கனத்த ஆண்குரலாக மாற்றியும் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது பேய்ப் படமா தம்பி?" என்றார். பிறகு, நான் எரிச்சலில் இருப்பதைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "அடியில அந்தப் புள்ள ஏற்கனவே அழுவுது. நானும் மேல உக்காந்து அழுதா அதை யாரு கேப்பா? வாசிக்கிறவ நல்லவளுக்கு ஒரு குரல், கெட்டவளுக்கு ஒரு குரல் வெச்சா, தீர்ப்பு சொன்ன மாதிரி. எனக்கு அந்த வேல குடுக்கல. வாசிக்கிற வேலதான் குடுத்துருக்காங்க."

எல்லாரையும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை விடாமல். இதுதான் அவர் சட்டம். அதை அவரே ஓரிடத்தில் உடைத்தார்.

படத்தின் கடைசிக்குச் சற்று முன்னால், கோமதி நிவேதாவின் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். மழை. கதவு பூட்டியிருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிவேதாவின் அம்மா. கோமதி சொல்கிறாள்: "நான்தான் சொன்னேன். அவ என்னை விட்டுட்டுப் போறாளேன்னுதான் சொன்னேன். வேற காரணம் இல்ல." பதினான்கு வினாடி. அக்கா வாசிக்கவில்லை. அடுத்த காட்சியிலிருந்து தொடர்ந்தார். நான் நிறுத்தினேன்.

"அக்கா, லைன விட்டுட்டீங்க."

"விடல. அது வேணாம்."

"வேணாமா? படமே அந்த லைன்லதான் நிக்குது! ஒரு வார்த்தை விடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்" என்றார். பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "பஸ் போயிரும் தம்பி."

அடம் என்று நினைத்தேன். பொங்கலுக்கு இருந்தது ஐந்து நாள். எனக்குப் பொறுமை கிடையாது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா ஒரே தொனியில் வாசிப்பதில் ஒரு வசதி உண்டு: எந்த வார்த்தையை எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் பிசிறு தெரியாது. திலீபனின் வரியிலிருந்து 'நான்தான்', தலைமையாசிரியர் வரியிலிருந்து 'சொன்னேன்', நிவேதா அழும் இடத்திலிருந்து 'விட்டுவிட்டு' என்று அவற்றுக்கான வியட்நாமியச் சொற்களை எடுத்து, அந்தப் பதினான்கு வினாடியை நிரப்பினேன். பிரமாதமாக உட்கார்ந்தது. பெருமையாக இருந்தது.

பொங்கல் கூடலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் ஓடியது. சிதம்பரம் அண்ணனின் மாமியார் தூங்கவில்லை. திலீபன் புளுகும்போது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அந்த வாசல் காட்சி வந்தது. லூசி அக்காவின் குரல், அக்கா வாசிக்காத வரியை, கூடம் முழுக்கச் சொன்னது. மூன்றாவது வரிசையிலிருந்து அவர் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர்க் கேன்கள் அடுக்கிய நடையில் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"அதை நான் வாசிக்கலியே" என்றார்.

"நான் ஒட்டுனேன் அக்கா. எல்லாம் உங்க வார்த்தைங்கதான். ஒட்டுத் தெரியுதா?"

"தெரியல."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

பிறகுதான் சொன்னார். பதினான்கு வயதில் அவருக்கும் ஓர் உயிர்த்தோழி இருந்தாள், லான் என்று பெயர். அது நாட்டைவிட்டுப் படகில் தப்பிப் போகிறவர்களின் காலம். லானின் குடும்பமும் போக ஏற்பாடு செய்திருந்தது. லான் இவரிடம் மட்டும் சொன்னாள். அக்காவின் அப்பா அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போகிறார்கள், தான் மட்டும் இங்கேயே கிடக்கப்போகிறோம் என்று பொறுக்காமல், வகுப்புத் தலைவியிடம் ஒரே வரி சொன்னார்: லான் அடுத்த வாரம் பள்ளிக்கு வரமாட்டாள். அது மேலிடத்துக்குப் போய், படகைக் கழிமுகத்திலேயே போலீஸ் பிடித்துவிட்டது. லானின் அப்பா இரண்டு வருடம் உள்ளே இருந்தார். லான் பள்ளிக்குத் திரும்பவில்லை. தையல் கற்றுக்கொண்டாள். இப்போதும் பள்ளிச் சீருடை தைக்கிறாள். மாதாமாதம் பொத்தான் வாங்க அக்காவின் கடைக்குத்தான் வருவாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ சித்தப்பாதான் காட்டிக்குடுத்தாருன்னு அந்த வீடே நம்புது. நாப்பது வருசமா அவரோட பேச்சில்ல. போன மாசம் பொத்தான் எண்ணிக்கிட்டே சொல்றா, சித்தப்பா படுக்கையில கெடக்குறாராம், நான் போவமாட்டேன்னு. நானும் பொத்தான் எண்ணுனேன்."

"அப்பப் போய்ச் சொல்லிருங்க. முடிஞ்சுது" என்றேன்.

"ஒங்களுக்கு எல்லாம் ஒரு சுவிட்ச்சு" என்றார். "சொன்னா என் பாரம் எறங்கும், அது அவ தலையில ஏறும். அவளுக்குன்னு இருக்குற ஒரே கூட்டாளியும் போயிருவா. அது நியாயமா?"

"சித்தப்பா செத்துட்டா அப்புறம் எது நியாயம்?"

உள்ளே படம் முடிந்து கைதட்டல் கேட்டது. "அந்த வாக்கியத்த என் வாயி நாப்பது வருசமா சொன்னதில்ல தம்பி. நீங்க சொல்ல வெச்சுட்டீங்க" என்றார். நான் அப்போது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டேன்.

வியாழக்கிழமை என் மோட்டார் சைக்கிளில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்துக்குப் போனோம். லான் தையல் இயந்திரத்தில் இருந்தார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார், படத்துக்கு வாசிக்கும் அதே தொனியில். நான் வாசலில் நின்றேன். என் வியட்நாமிய மொழி தொழிற்சாலையில் பொறுக்கியது, ஆனால் அன்று பேசியதைப் புரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது.

இயந்திரம் நின்றது. "என்னிக்குச் சொன்ன?" என்று கேட்டார் லான்.

"புதன்கிழமை."

"நான் உன்கிட்ட சொன்னது செவ்வாய்."

"ஆமா."

"ஒரு நாள்கூட வெச்சுக்க முடியலையா உன்னால?"

"முடியல."

லான் தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்து மடித்தார். பிறகு விரித்து மறுபடியும் மடித்தார். "சித்தப்பாவுக்கு எண்பத்திரண்டு வயசு, லூசி. என் கல்யாணத்துக்கு வாசல்வரைக்கும் வந்தாரு. நான் கதவைச் சாத்தினேன்." அப்புறம், "போயிடு. மழை வரதுக்குள்ள போ."

பாலம் தாண்டிய பிறகு அக்கா என் காதருகே சொன்னார். "அவ அழுவல. நல்லது. அழுதிருந்தா நானும் அழுதிருப்பேன். அப்புறம் அவ எந்திரிச்சு என்னைத் தேத்த வேண்டி வந்திருக்கும்."

லான் அதன் பிறகு கடைக்கு வரவில்லை. பொத்தானை வேறு எங்கோ வாங்கினார். அக்கா அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தடவை நானே, "நாமதான் தப்புப் பண்ணிட்டமோ?" என்று கேட்டேன். "நாம என்னா நாம? தப்புப் பண்ணது நான். அவ வராம இருக்குறது அவ உரிம" என்று பட்டென்று சொன்னார். ஆனால் கூட்டம் குறைவான மத்தியானங்களில் அவர் பார்வை ஆற்றுப்பக்கம் போகிற வாசலில்தான் இருக்கும். பக்கத்துக் கடைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் லான் வீட்டுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறே அக்கா பின் யுவோங் வந்தார். முதல் தடவையாக நேரத்துக்கு வந்தார். மாங்காய் இல்லை. "நீங்க ஒட்டுனத எடுத்துட்டு அந்த எடத்தப் போடுங்க" என்றார். போட்டேன். பதினான்கு வினாடி, ஒரே மூச்சில், தலைமையாசிரியருக்கு வாசித்த அதே குரலில், திலீபனுக்கு வாசித்த அதே குரலில், கோமதிக்கும் வாசித்தார். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வேலை நான்கு நிமிடம். வந்துபோக மூன்று மணி நேரம். "இன்னொரு டேக் போகலாமா?" என்றேன் பழக்கதோஷத்தில். "இத ரெண்டு தரம் சொல்ல முடியாது" என்று எழுந்துவிட்டார்.

எட்டு மாதம்தான் அதன் பிறகு இருந்தார்.

அடக்கத்துக்கு முதல்நாள் வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, மலர்வளையங்களுக்குப் பக்கத்தில் வாசலிலேயே லான் நின்றுகொண்டிருந்தார். குவாங் உள்ளே அழைத்தான். வந்தார், ஊதுவத்தி ஏற்றினார், முகத்தைப் பார்த்தார், வெளியே வந்துவிட்டார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தவன் நீதானே?"

"ஆமாங்க."

"சித்தப்பாகிட்டப் போயிட்டு வந்தேன். மூணு தடவை. அவருக்கு என்னை அடையாளம் தெரியல. கஞ்சி ஊட்டினேன். குடிச்சாரு." பிறகு, "ஏதோ ஒரு படத்தாலதான் அவ என்கிட்ட வந்தாளாமே, குவாங் சொல்றான். எனக்குக் காட்டு" என்றார்.

போன ஞாயிறு மத்தியானம் மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர் தையல் மேசைமேல் வைத்தேன். கையில் ஊசியும் சட்டையுமாகத்தான் பார்க்க உட்கார்ந்தார். லூசி அக்காவின் குரல் வந்ததும் ஊசி நின்றது. பிறகு ஓடியது. திலீபன் புளுகியபோது சிரித்துவிட்டு, "இவன் ஒருத்தன்" என்றார். கோமதி ஆசிரியையிடம் சொல்லப்போகும் இடத்தில், "வேணாம், வேணாம்" என்று மட்டும் முணுமுணுத்தார். வாசல் காட்சி வந்தது. நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நிவேதாவின் அம்மா அசையாமல் நிற்கிறாள்.

லான் திரையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல அதட்டினார். "ஏய், கதவைத் திறயேன். புள்ள நனையுதுல்ல?"

சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எதையும் கேட்டுவிடுகிற நான் அதைக் கேட்கவில்லை. படம் முடிந்ததும் தேநீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அந்தக் காட்சியை நான் அறுபது தடவையாவது பார்த்திருப்பேன். மழை எனக்கு வசனத்தை மறைக்கும் இரைச்சல், அவ்வளவுதான். முடிந்தவரை குறைத்துவைத்திருந்தேன். அதில் ஒரு பெண் நனைந்துகொண்டிருக்கிறாள் என்பது ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை. அவளை எப்படித் தண்டிப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். லூசி அக்கா குறுக்கே நிற்காமல் வாசித்ததால்தான் லானுக்கு அவள் தெரிந்தாள். லானால் எனக்கும் தெரிந்தாள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நனைந்த பெண்ணைத்தான். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, மழையைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டேன்.